வெயிலில் பூ உதிர்கிறதா? உரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்

கேள்வி: மாடியில் தொட்டிகளில் தக்காளியும் மிளகாயும் வளர்க்கிறேன். வெயில் ஏறியதிலிருந்து தக்காளியில் பூ நிறைய வருகிறது, ஆனால் ஒன்றும் நிற்பதில்லை, எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. மிளகாயில் கொழுந்து இலைகள் சுருண்டு நிற்கின்றன. மதியம் எல்லாச் செடியும் துவண்டுபோவதால் காலை, மதியம் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன். வாரம் தவறாமல் உரமும் வைக்கிறேன். இன்னும் என்ன போடலாம்?

பதில்: இப்போதைக்குப் புதிதாக எதுவும் போட வேண்டாம். போட்டுக்கொண்டிருப்பதிலேயே பாதியை நிறுத்த வேண்டியிருக்கும்.

முதலில் தண்ணீர். உச்சி வெயிலில் தக்காளி இலை தொங்கினால் செடிக்குத் தாகம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை இழக்கும்போது இலை துவளும். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிட்டால் அந்தச் செடிக்கு ஒரு குறையும் இல்லை. காலையிலும் துவண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் வாளியைத் தூக்குவதற்கு முன் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரமாக இருந்தும் செடி துவள்கிறது என்றால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். அந்த நிலையில் நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு சொம்பும் செடிக்குக் கெடுதல்தான்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடக்கும். தென்னைநார்க் கழிவு அதிகம் கலந்த மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் ஏற்காது. ஊற்றியது தொட்டியின் ஓரமாக வழிந்து அடித்துளை வழியே வெளியே வந்துவிடும், வேர்ப்பகுதி உள்ளே காய்ந்தே கிடக்கும். தொட்டியைத் தூக்கினால் லேசாக இருக்கும், அதுதான் அடையாளம். அப்படி இருந்தால் தொட்டியை அப்படியே தண்ணீர் உள்ள தொட்டியிலோ வாளியிலோ அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். அப்புறம் மேலே இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த சருகைப் பரப்பி மூடாக்கு போடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் பக்கவாட்டில் வெயில் படாமல் மறைப்பதும் முக்கியம். சூடேறிய தொட்டிச் சுவரை ஒட்டித்தான் வேர்கள் ஓடுகின்றன.

சரி, தக்காளிப் பூவுக்கு வருவோம். பூக்காம்பின் நடுவில் சின்ன முழங்கால் போல ஒரு கணு இருக்கும். பூ அந்த இடத்தில் மஞ்சளாகி ஒடிந்து விழுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் செடி தானே அதை உதறிவிடுகிறது. பகல் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் சரியாக உருவாவதில்லை. மகரந்தம் சேராத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது. உரம் இதைச் சரிசெய்யாது. அதிலும் தழைச்சத்து கூடினால் இலைதான் மதமதவென்று வளரும். உங்களால் செய்ய முடிந்தது இரண்டு: 50 சதவீத நிழல்வலையை நண்பகலில் மட்டும் நிழல் விழும்படி கட்டுங்கள். காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாகவே இருப்பதால் அந்த அதிர்வே போதும்.

மிளகாய்தான் நின்று பார்க்க வேண்டிய விஷயம். இலைச் சுருட்டை என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே மருந்தை அடிப்பதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு போல நின்றால் பெரும்பாலும் இலைப்பேன். கொழுந்துக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். நூல் துணுக்கு போல மெலிதாக ஏதாவது விழுந்து ஓடினால் சந்தேகமே வேண்டாம். இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு வழக்கத்தைவிட நீண்டு எலிவால் போலத் தெரிந்தால் அது சிலந்திப்பேன். கண்ணுக்கு எளிதில் தெரியாது, உருப்பெருக்கி வேண்டும். இலை சிறுத்து, நரம்புக்கு இடையே வெளிறி, செடியே குட்டையாகிப் புதர் போல நின்றால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம்.

இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய். சோப்புக் கரைசலை எண்ணெயில் முதலில் நன்றாகக் குழைத்துவிட்டு அப்புறம் நீரைச் சேருங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தனியே மிதந்து இலையைக் கருக்கும். வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடிப்புறம் நனையும்படி, வாரம் ஒருமுறை மூன்று வாரம் அடியுங்கள். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 2 கிராம். ஆனால் 32 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் அதைத் தொடவே வேண்டாம், எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமலும் அடிக்காதீர்கள். இலை கருகிவிடும். கடும் வெயில் விடாத நாட்களில், பாதித்த கொழுந்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி வருவதே பாதுகாப்பு. வைரஸ் என்றால் மருந்து கிடையாது. மனசு கேட்காதுதான், ஆனாலும் செடியைப் பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடியாவது தப்பிக்கும்.

ஏற்கெனவே சுருண்ட இலை மறுபடி விரியாது. அதையே பார்த்துக்கொண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். புதிதாக வரும் கொழுந்து நேராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உரத்தை வெயில் தணியும்வரை நிறுத்தலாம். மண்ணின் மேல் வெள்ளைப் பூச்சு படிந்து இலை ஓரம் பழுப்பாகக் காய்கிறது என்றால் உப்பு சேர்ந்துவிட்டது. அடித்துளையில் தாராளமாக ஒழுகும்வரை ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றி அலசிவிடுங்கள். தக்காளிச் செடியைப் பிடுங்க வேண்டாம். இரவு குளிரத் தொடங்கியதும் அதே செடியில் வரும் புதுப் பூக்கள் பிஞ்சு பிடிக்கும்.