தந்தையாரின் பித்தநாளக் கட்டி: ஊசிப் பரிசோதனைக்கு ஒப்புதல் தருமுன்

உங்கள் தந்தையாருக்குக் கல்லீரல் வாயிலருகே (பித்தநாளங்கள் கல்லீரலை விட்டு வெளிவரும் இடத்தில்) 2 செ.மீ. பித்தநாளப் புற்றுக்கட்டி இருப்பதாகவும், அதை அறுத்தெடுக்க இயலாததால் அடுத்த வாரம் வயிற்றின் வழியே ஊசி செலுத்தித் திசு எடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒப்புதல் தருமுன், தயவுசெய்து ஒரு கல்லீரல் மாற்று அறுவைக் குழுவிடம் கேட்டுவிடுங்கள். ஊசி சென்ற தடத்தில் புற்றணுக்கள் சிந்தக்கூடும் என்பதால், அந்த ஒரு பரிசோதனையே மாற்று அறுவைக்கான தகுதியைப் பறித்துவிடலாம். எண்டோஸ்கோப்பி வழியாக நாளத்துக்குள்ளேயே சிறு தூரிகையால் தேய்த்து அணுக்களை எடுக்கும் வழி இருக்கிறது.

1993இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை தொடங்கிய முறைப்படி, கட்டி 3 செ.மீ.க்கு மேற்படாமலும் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமலும் இருந்தால், முதலில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்து, பரவலில்லை என்பதை வயிற்றைத் திறந்து பார்த்து உறுதிசெய்த பின்னரே கல்லீரலை மாற்றுகிறார்கள். காத்திருக்கும் காலத்தில் குளிர்காய்ச்சல் வந்தால், பித்தம் வடிய நாளத்துக்குள் வைத்த ஸ்டென்ட் என்னும் சிறு குழாய் அடைத்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.