ஜெர்மனியில் கேசரிக்கு எந்த ரவை வாங்குவது?

தம்பி, வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, தீபாவளிக்கு ஆசையாகக் கேசரி கிண்டினால் கஞ்சி மாதிரி குழைந்துவிட்டது, தப்பு ரவையிலா கையிலா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் ஒரு குறையும் இல்லை. ரவைதான்.

இங்கே சூப்பர்மார்க்கெட்டில் சட்டென்று கையில் கிடைப்பது 'வைஷ்வைட்சன்கிரீஸ்', அதாவது மென்கோதுமை ரவை. பாலில் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கூழாகக் கொடுப்பார்கள், குழைவதுதான் அதற்கு அழகு. நீங்கள் 'ஹார்ட்' என்று தொடங்குகிற 'ஹார்ட்வைட்சன்கிரீஸ்' என்கிற கடினக் கோதுமை ரவை பாக்கெட்டைத் தேடி வாங்குங்கள், இல்லாவிட்டால் துருக்கிக் கடைக்குப் போய் 'இர்மிக்' என்று கேளுங்கள். அப்படியே முழு ஏலக்காயும் கிராம்பும் அங்கேயே வாங்கிவிடுங்கள். சின்னக் குப்பியில் வருகிற ஏலப்பொடி வேண்டவே வேண்டாம், விலைதான் இருக்கும், வாசனை இருக்காது.

நெய்க்காக இந்தியக் கடை தேடி ரயில் ஏற வேண்டியதில்லை. 'ஸவர்ராம்புட்டர்' என்று போட்ட 250 கிராம் வெண்ணெய்க் கட்டி எந்தக் கடையிலும் இருக்கும். புளிக்கவைத்த பாலேட்டில் எடுப்பது, நம் வீட்டில் தயிர் கடைந்து எடுக்கிற வெண்ணெய்க்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். சின்னத் தீயில் உருக்குங்கள், சடசடப்பு அடங்கி அடியில் கசடு பொன்னிறமாகும்போது எழும்புகிற மணம் இருக்கிறதே, முதல் குளிர்காலத்தில் அந்த ஒரு மணத்துக்காகவே நான் வெண்ணெய் உருக்கியிருக்கிறேன்.

அளவு சொல்கிறேன். ஒரு டம்ளர் ரவை, மூன்று டம்ளர் கொதிக்கிற தண்ணீர், ஒன்றரை டம்ளர் சர்க்கரை, அரை டம்ளர் நெய். ரவை முழுசாக வெந்த பிறகுதான் சர்க்கரை, முந்திப் போட்டால் ரவை நறுக்கென்று நின்றுவிடும். அப்புறம் இன்னொன்று, நம் ஊர் கேஸ் அடுப்பை அணைத்தால் சூடு உடனே நின்றுவிடும், இங்குள்ள கண்ணாடித் தட்டு அடுப்பு அணைத்த பிறகும் கனன்றுகொண்டே இருக்கும். அதனால் ரவை வறுபட்டு வாசம் வந்ததும் வாணலியில் விட்டுவைக்காமல் தட்டில் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் கருகிவிடும். ரவா லட்டு பிடிப்பதானால் சூடு ஆறுவதற்குள் பிடித்துவிடுங்கள், டிசம்பரில் நெய் சீக்கிரம் உறைந்துவிடும், பிறகு உருண்டை கையிலேயே உதிரும்.

கிண்டினதில் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள். நான் முதல்தடவை கொடுத்தபோது எதிர்வீட்டுத் துருக்கி அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊரில் யாராவது தவறிவிட்டார்களா?" என்று கேட்டார். அவர்கள் இதே ரவையில் அல்வா கிண்டுவார்கள், துக்க வீட்டில் வருகிறவர்களுக்கு அதைக் கொடுப்பது வழக்கமாம். இல்லைம்மா, இன்றைக்கு எங்களுக்குத் தீபாவளி என்று சொன்ன பிறகுதான் பிடித்த கையை விட்டார். மறுநாள் அந்தக் கிண்ணம் நிறைய அவர் கிண்டின அல்வா வந்தது.