கால் சிவந்து வீங்கினால் களிம்பு எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. மூன்று நாளாக வலது காலில் கணுக்காலுக்கு மேலே சிவந்து வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது. முதல் நாள் குளிர்காய்ச்சல். மருந்துக்கடையில் ஒரு களிம்பும் இரண்டு நாள் மாத்திரையும் கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் ‘அக்கி’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஒரு காலில் மட்டும் சிவப்பும் சூடும், கூடவே குளிர்காய்ச்சல் என்றால் பெரும்பாலும் அது செல்லுலைட்டிஸ், தோலுக்கடியில் பரவும் பாக்டீரியா தொற்று. அக்கி கொத்துக் கொத்தாகக் கொப்புளமாக வரும். காவி பூசிவிடாதீர்கள், சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்பது மறைந்துபோகும். பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதி, இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

களிம்பை நிறுத்துங்கள். ட்யூபில் குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மேலே சிவப்பு அடங்கும், உள்ளே கிருமி பரவும். வெறும் ஆன்டிபயாடிக் களிம்பும் அந்த ஆழத்துக்கு எட்டாது. படர்தாமரைக்கும் இதே ட்யூப், கரப்பானுக்கும் இதே ட்யூப்! டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. எத்தனை வருடமாகச் சொல்கிறோம், கேட்பாரில்லை.

இரண்டு நாள் மாத்திரையும் போதாது. வழக்கமாக செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் 500 மி.கி. தினம் நான்கு வேளை, குறைந்தது 5 நாள். குறையாவிட்டால் டாக்டர் நீட்டிப்பார். இதற்கு உறவான பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்து தொடங்கிய முதல் 48 மணி நேரத்தில் சிவப்பு, நீங்கள் போட்ட பேனாக் கோட்டைச் சற்றுத் தாண்டலாம். காய்ச்சலும் வலியும் குறைந்துவருகிறது என்றால் பயந்து மருந்தை மாற்றாதீர்கள். படுக்கும்போது தலையணைகளை அடுக்கிக் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள்.

பார்வைக்குத் தெரிவதைவிட வலி பல மடங்கு இருந்தாலோ, தோல் கறுத்தாலோ, பேச்சு குழறினாலோ விடியும்வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சர்க்கரை இருந்தால் கணக்கே வேறு. கால் மரத்திருந்தால் வலி தெரியாது. உள்ளங்காலில் ஆணி குத்தியிருந்தாலும் தெரியாது. காய்ச்சல்கூட வராமல் போகலாம். ‘எனக்குச் சர்க்கரை இல்லை’ என்பவருக்கும் பரிசோதித்துவிடுங்கள்; இப்படிக் கால் வீங்கி வந்தபிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. பாதத்தில் புண் இருந்தால் வீட்டு வைத்தியம் ஒரு நாள்கூட வேண்டாம்.

கடைசியாக, கால்விரல் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறி வெடித்திருந்தால் அது சேற்றுப்புண். கிருமி நுழைவது பெரும்பாலும் அந்த வெடிப்பு வழியாகத்தான். கழுவி, ஈரம் ஒற்றி, ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் களிம்பைத் தினம் இருவேளை நான்கு வாரம் தடவுங்கள். இதை விட்டுவிட்டால் அதே காலில் மறுபடி வரலாம்.