அமெரிக்காவில் மேல்முறையீட்டு வக்கீல் சொதப்பியதைக் காட்டித் தண்டனையை எதிர்க்க முடியுமா?

முடியும், ஆனால் லேசான வேலை இல்லை. முதல் மேல்முறையீட்டிலும் திறமையான வக்கீல் உதவி கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் எவிட்ஸ் எதிர் லூசி வழக்கில் சொல்லிவிட்டது. அதில் கென்டக்கி மாநில வக்கீல், விதிப்படி தர வேண்டிய ஓர் அறிக்கையைத் தாக்கல் செய்யவில்லை. அதனாலேயே அப்பீல் தள்ளுபடியானது.

'நான் சொன்ன பாயின்ட்டை வக்கீல் எழுதவே இல்லை' என்று நீங்கள் சொல்லலாம். அது மட்டும் போதாது. எதை எழுதுவது, எதை விடுவது என்பதில் வக்கீலுக்குச் சுதந்திரம் உண்டு (1983, ஜோன்ஸ் எதிர் பார்ன்ஸ்). சரி, என்ன காட்ட வேண்டும்? இரண்டு விஷயங்கள். ஒன்று, விட்டுப்போன வாதம் எழுதியவற்றைவிடத் தெளிவாகப் பலமானது. இரண்டு, அதை எழுதியிருந்தால் அப்பீல் ஜெயித்திருக்க நியாயமான வாய்ப்பு இருந்தது. விசாரணைப் பதிவையும் அப்பீல் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். விசாரணையில் ஆட்சேபித்தும் நீதிபதி அனுமதித்த முக்கியச் சாட்சியம் மனுவில் இல்லையா? அங்கேதான் உயிர் இருக்கிறது. ஜெயித்திருக்கும் என்று காட்டும் அந்த இரண்டாவது நிபந்தனையில்தான் பலரும் தோற்கிறார்கள்.

மாநிலத் தண்டனை என்றால் முதலில் மாநில நீதிமன்றம், அப்புறம்தான் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஹேபியஸ் மனு (சிறையில் வைத்திருப்பது சட்டப்படி செல்லாது என்று கேட்கும் மனு). அதற்குப் பொதுவாக ஒரே வருடக் கெடு. மாநில மனு முறைப்படி நிலுவையில் இருக்கும் நாட்கள் அதில் சேராது. அதற்கு முன் சும்மா கழிந்த நாட்கள் சேரும்.