சின்ன ஆடிட்டர் ஆபீஸில் பைல் ரிவ்யூவைச் சீக்கிரம் முடிப்பது எப்படி?

கேட்டவர் நாலைந்து பேர் வேலை செய்யும் ஆபீஸ் வைத்திருப்பதாகவும், பசங்க முடித்துத் தரும் வேலையைப் பார்த்து அனுப்புவதிலேயே பொழுது போய்விடுவதாகவும், இதற்கென்று சாப்ட்வேர் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். சரிபார்ப்பதில் போவது கொஞ்சம்தான், மீதியெல்லாம் தேடுவதில் போகும். இந்தத் தொகைக்கு பில் எங்கே, எந்தக் கணக்கென்று தெரியாமல் சஸ்பென்ஸில் போட்டு வைத்த இந்தத் தொகை யாருடையது, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் மார்ச் பக்கம் ஏன் இல்லை என்று கேட்டு முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அதனால் பைல் என் மேஜைக்கு எந்த நிலையில் வருகிறது என்பதில்தான் நான் கறார்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை. எங்களிடம் கணக்கைக் கொடுக்கிற பார்ட்டிகள் பெரும்பாலும் தேங்காய், கொப்பரை, ஹார்டுவேர் வியாபாரிகள். ரிஜிஸ்ட்ரேஷன் கேரளாவில், வியாபாரத்தில் பாதி பொள்ளாச்சிப் பக்கம். கணக்கு எழுதியவர் பைலின் மேலே அரைப் பக்கம் எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். போன மாதத்துக்கும் இதற்கும் என்ன மாறியது, என்ன பாக்கி, அதை யாரிடம் எப்போது கேட்டாய், உனக்கு எங்கே சந்தேகம் வந்தது, அவ்வளவுதான். கடைசிக் கேள்விக்கான பதில்தான் தங்கம். பத்து லெட்ஜர் புரட்டிக் கண்டுபிடிக்க வேண்டியதை அவனே காட்டிக் கொடுத்துவிடுவான். ‘சந்தேகம் எதுவும் இல்லை சார்’ என்று எழுதி வருகிற பைலை நான் முதலில் பிரிப்பேன்.

பிரித்ததும் வவுச்சருக்குள் போகாதீர்கள். போன வருஷ டிரையல் பேலன்ஸையும் (எல்லா லெட்ஜர்களின் மீதிப் பட்டியல்) இந்த வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேங்காய்க் கொள்முதல் ஏறியிருக்கிறது, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி இறங்கியிருக்கிறது என்றால் ஒன்று கூலி வேறு தலைப்பில் விழுந்திருக்கிறது, இல்லை சரக்கே வராமல் பில் மட்டும் வந்திருக்கிறது. இரண்டுமே கேட்க வேண்டிய கேள்வி. இப்படிப் பார்த்தால் எந்த லெட்ஜரைத் திறக்க வேண்டும், எதைத் திறக்கவே வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ரிவ்யூவை மிச்சப்படுத்துகிற இன்னொரு இடம் மாஸ்டர், அதாவது ஒவ்வொரு சரக்குக்கும் வரி ரேட்டை ஒருமுறை பதிந்து வைக்கிற இடம். தேங்காய்க்கு ஜிஎஸ்டி இல்லை, கொப்பரைக்கு 5 சதவீதம். கணக்கு எழுதுகிற டேலி சாப்ட்வேரில் ஐட்டம் மாஸ்டரை ஏப்ரலில் ஒருமுறை நானே உட்கார்ந்து பார்த்துவிட்டால், அப்புறம் வருஷம் முழுக்க ஒவ்வொரு பில்லிலும் ரேட் பார்க்க வேண்டியதில்லை. லெட்ஜரும் அப்படியே. விளைவித்த விவசாயிக்கே தேங்காய்க்கான பணத்தை ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் தொந்தரவு இல்லை. இடையில் வாங்கி விற்கிற வியாபாரிக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏறாது. கொள்முதலை விவசாயி, வியாபாரி என்று இரண்டு லெட்ஜராக முதலிலேயே பிரித்து எழுதச் சொல்லுங்கள். நான் வியாபாரி லெட்ஜரை மட்டும் பார்த்தால் போதும்.

எல்லைப் பக்கத்து ஆபீஸுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் கேரளாவுக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. ஆனைமலையிலிருந்து வந்து இங்கே ஹார்டுவேர் கடையில் பைப் வாங்குகிறவருக்கு ஜிஎஸ்டி எண்ணே இருக்காது. அவருடைய தமிழ்நாட்டு முகவரியை பில்லில் எழுதிவிட்டால், 2023 அக்டோபர் 1 முதல் அந்த முகவரிதான் கணக்கு, மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போட வேண்டும். முகவரி எழுதாவிட்டால் கடை இருக்கிற ஊரே கணக்கு. கடைப் பையனுக்கு இது தெரியாது, பழக்க தோஷத்தில் எல்லாவற்றுக்கும் மாநிலத்துக்குள் விற்பதற்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று அடித்துவிடுவான். கொள்முதல் பக்கம் இன்னொன்று: பார்ட்டி கோயம்புத்தூரில் லாட்ஜில் தங்கி, தன் கேரள எண்ணைக் கொடுத்து பில் வாங்கி வருவார். அதில் இருப்பது தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டி. இங்கே அதைக் கிரெடிட்டாக, அதாவது கட்ட வேண்டிய வரியில் கழிவாக, எடுக்க முடியாது. ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் தருகிற கொள்முதல் கிரெடிட் பட்டியலான 2பி-யிலேயே கிடைக்காத கிரெடிட் என்று தனியாகக் காட்டும், ஆனால் மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறவன் கண்ணில் படாது. இந்த இரண்டையும் கணக்கு எழுதுகிறவர் எக்ஸலில் பில்டர் போட்டுப் பார்த்து, அரைப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். ஐஜிஎஸ்டிக்குப் பதில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று தலைப்பு மாறி வரி கட்டிவிட்டால், சரியான தலைப்பில் மறுபடி கட்டி, பழையதை ரீபண்ட் கேட்க வேண்டும். வட்டி கிடையாது என்றாலும் அந்த அலைச்சல் இருக்கிறதே!

குறைகளை வாயால் சொல்லாதீர்கள். ஒரே இடத்தில் எழுதி, பைலை முழுக்கப் பார்த்து முடித்த பிறகு மொத்தமாகக் கொடுங்கள். காலையில் இரண்டு, மாலையில் மூன்று என்று கொடுத்தால் பைல் பந்து மாதிரி போய் வந்துகொண்டே இருக்கும். ரிவ்யூ பண்ணுகிறவர் எதையும் திருத்தவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிவின் கீழே எழுதுகிற விளக்கமான நரேஷனில் எழுத்துப் பிழை என்றால் நானே மாற்றிவிடுவேன், அதற்காக ஒருவனைக் கூப்பிடுவது வீண். வரித் தலைப்பு, குரூப்பிங் (எந்த லெட்ஜர் எந்தப் பிரிவின் கீழ் என்பது) போன்றவை கண்டிப்பாக எழுதியவரிடமே திரும்பப் போகும். நாம் திருத்திக் கொடுத்தால் அடுத்த மாதமும் அதையே செய்வான்.

செக்லிஸ்ட் ஒரு பக்கம் தாண்டக் கூடாது. மூன்று பக்கச் செக்லிஸ்ட்டில் படிக்காமலேயே டிக் விழும். புதிதாக ஒன்று சேர்த்தால் பழையதில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

தேதி விஷயம் உங்களுக்குத் தெரியாததில்லை. விற்பனை ரிட்டர்ன் 11-ஆம் தேதிக்குள், 2பி 14-இல் வருகிறது, வரி கட்டுகிற 3பி ரிட்டர்ன் 20-க்குள். விற்பனையை 8, 9 தேதிகளில் பார்த்து மூடிவிட்டால் 19-ஆம் தேதி ராத்திரி கொள்முதல் மட்டும்தான் மிச்சம் இருக்கும். எங்களுக்கு ஓணம் வேறு ஆகஸ்ட், செப்டம்பரில் வந்து நிற்கும், டாக்ஸ் ஆடிட் கெடு செப்டம்பர் 30. அதனால் ஆடிட் பைல்களில் பேங்க், கடன், சொத்து இந்த மூன்றையும் ஜூலையிலேயே பார்த்துக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவோம்.

சாப்ட்வேர்? நாலைந்து பேருக்கு ஒரு கூகுள் ஷீட் போதும். பார்ட்டி பெயர், பைல் யார் கையில், எத்தனை குறை பாக்கி என்று மூன்று நெடுவரிசை. பணத்தை ஒரு நல்ல ஸ்கேனரில் போடுங்கள்.