அந்த அப்பாவை வில்லனாக்க வேண்டாம்

உங்கள் நாவலில் அரசுக்கு அடங்கிப்போகும் அப்பா வெறும் வில்லனாகத் தெரிகிறார் என்று படித்தவர்கள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993) நாவலைப் படித்துப் பாருங்கள். எல்லாமே விதிப்படி நடக்கும் ஒரு கற்பனைச் சமூகத்தின் கதை அது. நாயகனான சிறுவன் ஜோனாஸின் அப்பா பச்சிளங்குழந்தைகளைப் பராமரிப்பவர். சரியாகத் தேறாத ஒரு குழந்தையை வீட்டுக்கே தூக்கிவந்து கொஞ்சுகிறவர். அதே மனிதர்தான் இரட்டைக் குழந்தைகளை எடை போட்டு, எடை குறைந்ததை விதிப்படி நெற்றி நரம்பில் ஊசி போட்டுக் கொல்கிறார். கொஞ்சும் குரல் மாறவே இல்லை. உடலை அட்டைப்பெட்டியில் வைத்துக் குழாய்க்குள் தள்ளிவிட்டு டாட்டா சொல்கிறார். படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. அவருக்கோ அது அன்றாட வேலை.

உங்கள் கதையின் அப்பாவும் மகளுக்குத் தலை பின்னிவிடட்டும். அந்தக் கையாலேயே அவளைக் காட்டிக்கொடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடட்டும். முறைப்பு, மிரட்டல் வசனம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.