தலையில் வரும் வாடை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

தோல் மருத்துவப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். தலை நாற்றத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் முடி கொட்டுகிறது என்பார்கள், அரிக்கிறது என்பார்கள். கிளம்பும் நேரத்தில்தான் மெதுவாக இதைச் சொல்வார்கள். இங்கே வந்த கேள்விகளிலும் அதே தயக்கம் தெரிகிறது. தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய விஷயம்தான்.

தலைக்குக் குளித்த அன்று நன்றாக இருக்கிறது. மறுநாள் சாயங்காலமே பழைய எண்ணெய் வாடை வந்துவிடுகிறது. நான் சுத்தமாக இல்லையா அக்கா?

அப்படி நினைக்காதீர்கள். உடம்பிலேயே எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் தலையும் ஒன்று. அந்த எண்ணெய் சுரக்கும்போது அதில் பெரிய வாடை இருக்காது. தோலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாவும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் அதை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றும்போதுதான் வாடை கிளம்புகிறது. முடி விளக்குத் திரி மாதிரி அந்த எண்ணெயை மேலே இழுத்துப் பரப்பிவிடுகிறது.

அதனால் கழுவ வேண்டியது தோலை. பலர் ஷாம்பூவை உள்ளங்கையில் ஊற்றி நேராக முடிமேல் தேய்க்கிறார்கள். நுரை குவியும், ஆனால் விரல் தோலைத் தொட்டே இருக்காது. முதலில் தலையைத் தண்ணீரில் நன்றாக ஊறவிடுங்கள். ஷாம்பூவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, முடியைப் பிரித்துப் பிரித்துத் தோலில் விடுங்கள். நகம் படாமல் விரல் நுனிச் சதையால் தேயுங்கள். காதுக்குப் பின்புறம், பிடரி, உச்சி ஆகிய மூன்று இடங்களும்தான் வழக்கமாக விட்டுப்போகும். அலசிவிட்டு இன்னொரு முறை போடுங்கள். முதல் முறை எண்ணெய்தான் போகும். இரண்டாம் முறைதான் தோல் சுத்தமாகும். கண்டிஷனர் முடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும் போதும்.

எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் உள்ள தலை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிப்பதில் தப்பே இல்லை.

வாடை தோலிலிருந்து வருகிறதா, முடியிலிருந்தா? எப்படித் தெரிந்துகொள்வது?

உலர்ந்த சுத்தமான பருத்தித் துணியை விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். உச்சியில் வகிடு எடுத்துத் தோலில் மட்டும் நாலைந்து தடவை தேய்த்து முகர்ந்து பாருங்கள். துணியின் வேறொரு பக்கத்தால் முடியின் நுனியைத் துடைத்து அதையும் முகருங்கள். நுனியில்தான் வாடை என்றால் புகை, சமையல் ஆவி, சிகரெட் மாதிரி வெளியிலிருந்து ஏறியது. ஒரு நல்ல குளியலில் போய்விடும். துணியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பிசுக்கோடு செதில் ஒட்டினால் பொடுகையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

காலையில் அவசரம். ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொண்டு ஓடுகிறேன். அதனாலா?

அதுவும் ஒரு காரணம். கொண்டைக்குள் இருக்கும் முடி சாயங்காலம்வரை காயாது. ஈரமும் சூடும் சேர்ந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்தான். முடிந்தால் முதல் நாள் சாயங்காலமே குளித்து, தூங்கப் போகும் முன் வேர்வரை காயவையுங்கள். ஈரத்தலையோடு படுத்தால் தலையணைக்கும் அதே வாடை ஏறிவிடும்.

பொடுகு ஷாம்பூ போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

எவ்வளவு நேரம் தலையில் வைத்திருந்தீர்கள்? போட்டவுடன் அலசினால் மருந்து வேலை செய்ய நேரமே கிடைக்காது. புட்டியில் கீட்டோகோனசோல், ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு இவற்றில் ஒன்று இருக்கிறதா பாருங்கள். தோலில் தடவி 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, 2 முதல் 4 வாரம். அடங்கிய பிறகும் அடியோடு நிறுத்தாமல், வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ தொடருங்கள். பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலசீசியா தோலை விட்டுப் போகாது, அதன் அளவைத்தான் குறைக்கிறோம். நாலு வாரம் ஒழுங்காகப் போட்டும் மாற்றம் இல்லையென்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். சோரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோயும் பொடுகு போலவே தெரியும். கர்ப்பமாக இருந்தால் எதையும் ஆரம்பிக்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

அந்த ஷாம்பூவே ஒரு மாதிரி நாறுகிறதே?

செலினியம் சல்ஃபைடு, நிலக்கரித் தார் கலந்தவை அப்படித்தான். நன்றாக அலசிவிட்டு, கடைசியில் சாதாரண ஷாம்பூவைக் கொஞ்சமாகப் போட்டு அலசுங்கள்.

பொடுகு இருக்கும்போது எண்ணெய் வைக்கலாமா?

அடங்கும்வரை தோலில் வேண்டாம். மலசீசியா கொழுப்பைத் தின்றே வாழ்கிறது, நாம் வைக்கும் பல எண்ணெய்களும் அதற்கு ஆகாரம். முடி வறண்டிருந்தால் நுனியில் மட்டும் தடவுங்கள்.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா?

இரண்டும் வேண்டாம். சோடா காரம், தலைத்தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. தோல் எரியும், முடி சொரசொரப்பாகும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரலாம், கறுப்பாகத் தழும்பு நிற்கலாம். சொறிந்து புண்ணான தலையில் சாறு ஊற்றிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

தினமும் ஹெல்மெட் போட வேண்டிய வேலை.

உள்பஞ்சைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காயவையுங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டி, அதைத் தினமும் மாற்றுங்கள். சீப்பையும் தலையணை உறையையும் சேர்த்துத் துவையுங்கள். தலை மட்டும் சுத்தமாகி இவை அழுக்காக இருந்தால் வாடை திரும்ப ஏறிவிடும்.

ஏழு வயது மகனுக்குத் தலையில் ஒரு இடத்தில் முடி உதிர்ந்து வட்டமாக இருக்கிறது. செதில், கெட்ட நாற்றம். பேன் மருந்து போடலாமா?

வேண்டாம் அம்மா, இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். தலையில் வரும் படர்தாமரையாக இருக்கலாம். குழந்தைகளுக்கு இது அதிகம். பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் மேலே பூசும் களிம்பு எட்டாது, வாய்வழி மருந்து சில வாரங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். அதுவரை அவனுடைய சீப்பு, தொப்பி, துண்டு தனியாக இருக்கட்டும். மற்ற குழந்தைகளின் தலையையும் பாருங்கள். சொதசொதவென்று வீங்கிச் சீழ் வந்தால் அன்றைக்கே போக வேண்டும், தாமதித்தால் அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம்.

வீட்டில் யாருக்கும் வாடை தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிகிறது. மூன்று வேளை குளிக்கிறேன், வெளியே போகவே பயம்.

உங்கள் கஷ்டம் நிஜம். ஆனால் இதற்கு ஷாம்பூ மருந்தாகாது. மூக்கு, சைனஸ் கோளாறால் இல்லாத வாடை தெரிவதுண்டு. தன் உடம்பு நாறுகிறது என்ற எண்ணம் விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு மனநலச் சிக்கலும் உண்டு, அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அங்கே ஒன்றுமில்லை என்றால் மனநல மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். மூன்று வேளைக் குளியலை இன்றைக்கே ஒன்றாகக் குறையுங்கள், தோல் பாவம்.

படுக்கையில் இருக்கும் அம்மாவுக்குத் தலை நாறுகிறது. எழுப்பி உட்கார வைக்க முடியாது.

தண்ணீர் கொட்ட வேண்டியதில்லை. இளஞ்சூடான தண்ணீரில் சில சொட்டு ஷாம்பூ கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, வகிடு வகிடாகத் தோலைத் துடையுங்கள். வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து, துண்டால் ஒற்றிக் காயவையுங்கள். பின்னால் கொண்டை போடாமல் பக்கவாட்டில் தளர்வாகப் பின்னுங்கள், முடிச்சின் மேலேயே தலை அழுந்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பின்னந்தலையைப் பாருங்கள். அங்கே அழுத்தினாலும் மறையாத சிவப்போ, கருத்த நிறமோ, ஈரமான புண்ணோ இருந்தால் அது படுக்கைப் புண். நாற்றம் அதிலிருந்தே வரலாம். தலையை அந்தப் பக்கம் அழுந்தவிடாமல் வைத்து, உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள்.